பழைய ஹெரால்டுக்குப் புது பிரேக்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், பிற்பகல் அமர்வில், மெக்கானிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவன் பாடு எப்போதும் திண்டாட்டம்தான். பாதி சபை கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். நம் செயலாளர் என்னிடம் வந்து, "வாழ்க்கையில் வெற்றி, தன்னம்பிக்கை அப்படின்னு எதையும் எடுத்துவிடாதே. அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க. நீ தினமும் செய்யற வேலையைப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டார். நான் தினமும் செய்கிற வேலை பிரேக். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஷெட் இருக்கிறது. லோடு வண்டி, வேன், மீன் ஏற்றும் டெம்போ எல்லாம் வரும். எப்போதாவது ஒரு பழைய கார் வரும். அப்படி வந்த ஒரு காரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வண்டிக்குச் சொந்தக்காரர் நம் செட் நண்பர்தான். பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் யார் என்று நானும் சொல்லப்போவதில்லை. அவருடைய அப்பா அறுபதுகளில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. அப்பா காலமான பிறகு பல வருஷம் வீட்டு வராந்தாவில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஒருநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "டேய், இன்ஜின் வேலையெல்லாம் முடிச்சாச்சு. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுக் குடு. பொண்ணு ஓட்டணும்ங்கறா. அவ தாத்தா வண்டியாம்."

பொண்ணு ஓட்டப்போவது எங்கே? திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கிற எண்ணூர் விரைவுச் சாலை. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், நடுவில் தாத்தாவின் ஹெரால்டு. விளையாட்டு விஷயமில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஹெரால்டு என்ன ஸ்போர்ட்ஸ் காரா என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961இலிருந்து வந்த குடும்ப வண்டி அது. 948 சிசி இன்ஜின். இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலொட்டி வரைந்த உடல். ஆனால் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன்மேல் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டியது. அந்த முறையில் ஸ்பிட்ஃபயருக்கு நம் ஹெரால்டு அண்ணன். அதோடு, நம்ம ஊர் சோழவரம் பந்தயத்தில் ஃபியட்டும் ஹெரால்டும்தான் சாமானியனின் ரேஸ் கார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. சோழவரத்துக்கு மாதவரம் வழியாக பஸ் பிடித்து, கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போன கூட்டம் இந்த சபையில் நிறைய இருக்கிறது. விமான ஓடுதளத்துப் பந்தயம் என்றால் நீளமான நேர்ப்பாதை, கடைசியில் திடீரென்று ஒரு திருப்பம். வேகம் எல்லாருக்கும் வரும். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் யார் வண்டி நிற்கும் என்பதுதான் பந்தயமே.

மாணவர்களே, உங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பேராசிரியர் தப்பு கண்டுபிடித்தால் கையைத் தூக்கலாம். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 312 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். ஆக, அந்த வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். அடுப்பில் வைத்தால் பல நிமிஷம் ஆகிற சமாச்சாரம், நாலரை விநாடியில் முடிகிறது. அந்த நாலரை விநாடியில் பிரேக் செய்கிற வேலை, அந்தக் குட்டி இன்ஜின் முழு மூச்சாகக் கொடுக்கிற சக்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வண்டியில் பெரிய இன்ஜின் எது என்று கேட்டால் பிரேக் என்றுதான் நான் சொல்வேன்.

அந்தச் சூடெல்லாம் இரும்பில்தான் இறங்கும். நாலு டிரம்மும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்தால், ஒரு நிறுத்தத்துக்கு 34 டிகிரி ஏறும். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. ஆறவிடாமல் பத்து தடவை நிறுத்தினால் 300 டிகிரியைத் தாண்டும். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கிற ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். லைனிங்கின் உராய்வும் குறைந்துபோகும். ஏற்காடு, ஊட்டி இறக்கத்தில் பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். டிஸ்க் அப்படியில்லை. காற்றில் திறந்து கிடக்கிறது, சீக்கிரம் ஆறுகிறது. சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும். மழைத் தண்ணீர் பட்டாலும் அரைச் சுற்றில் உதறிவிடும். 1953இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் ஜெயித்தபோது அதில் நாலு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தது. மற்றவர்கள் டிரம்மைக் காப்பாற்ற முன்கூட்டியே மிதித்தபோது ஜாகுவார்க்காரர்கள் தாமதமாக மிதித்தார்கள். மூன்றே வருஷத்தில், 1956இல், டிரையம்ப் டிஆர்3 காருக்கு முன்சக்கரத்தில் கர்லிங் டிஸ்க் வந்துவிட்டது. அந்தக் கர்லிங் தொழில்நுட்பத்தோடுதான் 1962இல் நம் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். நம் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போனார்கள் என்று கைதூக்கச் சொன்னால் தேநீர் ஆறிவிடும்.

ஆகவே நண்பர் கேட்டது சரியான விஷயம்தான். ஆனால் அவர் கேட்ட வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. "முதல்ல நாலு சக்கரத்தையும் கழட்டுவோம். இருக்கிறது என்னன்னு பார்த்துட்டு, இல்லாததைப் பத்திப் பேசலாம்" என்றேன். அவருக்கு வருத்தம். இங்கிலாந்திலிருந்து டிஸ்க் கிட் வரவழைத்துப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்.

எங்கள் ஷெட்டில் ஒரு மேஸ்திரி அண்ணன் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். படிப்பு கம்மி, கண் அதிகம். அவர் நாலு டிரம்மையும் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பிரேக் இல்ல. நாலு சக்கரமும் நாலு கட்சி. ஒண்ணு பிடிக்குது, ஒண்ணு இழுக்குது, ஒண்ணு தூங்குது. நாலாவது எண்ணெயில குளிக்குது."

"தூங்கறது எது அண்ணே?"

"பின்னாடி இடது. வீல் சிலிண்டர் பிஸ்டன் உப்பேறி இறுகிப்போச்சு. எத்தினி வருஷமா மிதிச்சாங்களோ, அது அசையவே இல்ல."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. முன் டிரம் இரண்டையும் யாரோ லேத்தில் பலமுறை டர்னிங் போட்டு, அளவுக்கு மேல் மெலிய விட்டிருந்தார்கள். மெலிந்த டிரம் சூட்டை வாங்காது. சீக்கிரம் காயும், சீக்கிரம் விரியும். வலது லைனிங் ஒரு வகை, இடது லைனிங் வேறு வகை. பின்பக்க ஆக்ஸில் சீல் கசிந்து ஒரு ஷூ முழுக்க எண்ணெய். இரும்பு பிரேக் பைப்பைச் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே ஊதிப்போய் துவாரம் அடைத்திருந்தது. அப்படிப்பட்ட ஹோஸ் மிதிக்கும்போது அழுத்தத்தை விடும், காலை எடுத்தால் திரும்ப விடாது. பிரேக் பிடித்தபடியே ஓடும்.

நினைத்துப் பாருங்கள். இந்த வண்டிக்கு அப்படியே முன்னால் டிஸ்க் மாட்டிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துருப்பிடித்த பைப், அடைபட்ட ஹோஸ், தூங்குகிற பின்சக்கரம், இதற்கெல்லாம் மேலே ஒரு பளபளக்கும் டிஸ்க்.

முகத்துவாரத்துக் காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துணி காயப்போட்டாலே உப்பு வாசனை வரும். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், எங்கள் குப்பம் எல்லாவற்றிலும் சைக்கிள் செயின்கூட ஒரு மழைக்குத் தாங்காது. அதன்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து கழிமுகத்துக்கு வந்து, படகும் வலையும் கறுத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் ஷெட்டுக்கு வந்தன. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புக் காகிதம் தேய்த்து மறுபடியும் மாட்டுகிற வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது வேலைக்காகாது. சூடு ஏறினால் உள்ளே குடித்த எண்ணெய் மறுபடியும் மேலே வரும். எண்ணெய் பட்ட லைனிங்கைத் தூக்கிப்போட வேண்டியதுதான், அதுவும் இரண்டு பக்கமும் ஜோடியாக.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாகப் பட்டறையில் பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்கு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் ஹோஸ் வைத்து புஸ்ஸென்று ஊதுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். எங்கள் மேஸ்திரி அண்ணனை இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அடுத்தது பிரேக் ஆயில். இந்தப் பெயரே தப்பு. அது ஆயிலே இல்லை; கிளைகால் வகைத் திரவம். ஆயில் என்று பெயர் வைத்ததால், அவசரத்துக்கு யாராவது இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் எல்லாம் உப்பிக் கெட்டுப்போகும். அது மட்டுமில்லை, இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற தரம், புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்த பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கடலோரத்தில் வைத்திருக்கிற வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். நண்பரின் வண்டியில் இருந்தது டிகிரி காபி நிறத்தில் இருந்தது. சிலிண்டருக்குள் அது கொதித்து ஆவியானால், நாம் மிதிப்பது நீராவியை. பெடல் தரையைத் தொடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அந்த வண்டியில் பயம் தந்தது வேறு. ஹெரால்டில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. மிச்சம் கைபிரேக் மட்டும்தான். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயம் ஆனது. அதனால் அங்கே ஏற்றுமதியான ஸ்பிட்ஃபயருக்கே டிரையம்ப் கம்பெனி அதைப் போட்டுக்கொடுத்தது. நம் வண்டிக்கு யார் போட்டுத் தருவார்கள்?

நான் நண்பரிடம் சொன்னேன்: "நீ டிஸ்க் கேட்டது சீக்கிரம் நிக்கறதுக்கு. நான் கேக்கறது, நிக்காம போயிடக் கூடாதுங்கறதுக்கு. எனக்கு இது முதல்ல."

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பொண்ணையே அனுப்பிவிட்டார். அந்தப் பெண் வந்து, துருப்பிடித்த பைப்பைக் கையில் எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தது. "அங்கிள், உங்க வரிசைப்படியே செய்யுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றது.

வேலை இப்படி நடந்தது. இரும்பு பைப் அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, தாமிரமும் நிக்கலும் கலந்த பைப் இழுத்தோம். கொஞ்சம் விலை அதிகம். ஆனால் உப்புக்கு மசியாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற நாடுகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கையாளுகிற வழி இது. ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள், சீல்கள் எல்லாம் புதிது. இரண்டு அறை உள்ள டாண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டு, முன்சக்கரம் தனிச் சுற்று, பின்சக்கரம் தனிச் சுற்று என்று பிரித்தோம். புதுப்பேட்டையில் கிடைக்கிற ஏதோ ஒரு வண்டியின் சிலிண்டரை எடுத்து மாட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இங்கேதான் கணக்கு வேண்டும். சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலமா, ஐந்தெட்டு அங்குலமா என்பது கண்ணுக்குச் சின்ன வித்தியாசம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் போகும். ஐந்தெட்டிலிருந்து முக்காலுக்குப் போனால் பரப்பு 1.44 மடங்கு. அதே அழுத்தம் வர, காலால் 44 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். பெடல் இறங்குகிற தூரமோ முப்பது சதவீதம் குறையும். ஓட்டுகிறவர் என்ன சொல்வார் தெரியுமா? "பெடல் கல்லு மாதிரி நிக்குது, சூப்பர் பிரேக்!" கல் மாதிரி நிற்பது பெடல்தான், வண்டி இல்லை.

இன்னொரு இடத்தையும் கவனிக்க வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த தண்டின் அடியில் பித்தளை டிரன்னியன் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்டு மரையோடு அதற்குள் திரும்பும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஆட்கள் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே மரை வரைக்கும் சரியாகப் போகாது. தண்ணீர் போகும். துருப்பிடித்து, ஒருநாள் தண்டு அறுந்து, சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். பிரேக் விசை முழுவதும் இந்தத் தண்டின் வழியாகத்தான் போகிறது. பிரேக்கை வலுவாக்குகிறவன் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. நாங்கள் இரண்டையும் புதிதாக மாற்றினோம்.

டிரம் பிரேக்கைச் சரியாக்கி, டர்னிங் அளவு பார்த்து வேறு டிரம் போட்டு, ஷூவை டிரம்மின் வளைவுக்கு உரசிப் பொருத்தி, ஏர் எடுத்து முடித்ததும் ஒரு கம்பெனியின் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி நேராக நின்றது. நண்பருக்கு ஆச்சரியம். "இது எங்கப்பா காலத்துல இப்படி நின்னதே இல்லடா" என்றார். அப்பா காலத்திலும் புதிதில் இப்படித்தான் நின்றிருக்கும். இவர் அப்போது அரை டிராயர்.

ஒரு மழைக்காலம் அப்படியே ஓட்டினார்கள். பிறகு அந்தப் பெண்ணே வந்து கேட்டாள். "அங்கிள், தேங்கின தண்ணியில இறங்கி ஏறினா முதல் மிதி பிடிக்க மாட்டேங்குது. இப்ப டிஸ்க் போடலாமா?" அவள் சொன்னது சரியான காரணம். டிரம்முக்குள் போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. பெட்டியைத் திறந்தோம்.

ஸ்பிட்ஃபயர் வழியில் வந்த ஒன்பது அங்குல டிஸ்க், ஹப், கேலிப்பர், தாங்குகிற பிராக்கெட். இரண்டு வண்டிக்கும் 13 அங்குலச் சக்கரம் என்பதால் உள்ளே இடம் இருந்தது. ஆனால் வண்டிக்கு வண்டி, மார்க்குக்கு மார்க் அளவு மாறும். அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கிற ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது; பேட் உரசிக்கொண்டே ஓடும். நாங்கள் தேர்ந்தெடுத்த சிலிண்டரில் முன் சுற்றில் அந்த வால்வு கிடையாது. பின்னாளில் டிஸ்க் வரும் என்று மேஸ்திரி அண்ணன் முதலிலேயே கணக்குப் போட்டிருந்தார்.

எல்லாம் மாட்டி, மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த நண்பர் முகம் தொங்கிப்போனது. "என்னடா, டிரம்மே தேவலாம் போலிருக்கே! மிதிச்சா பிடிக்கவே மாட்டேங்குது."

காரணம் இரண்டு. முதலாவது, டிரம்மில் ஒரு தந்திரம் உண்டு. சக்கரம் சுற்றுகிற திசையிலேயே முன்னோடி ஷூவை இழுத்து, அதுவே தன்னை மேலும் அழுத்திக்கொள்ளும். நம் கால் கொடுப்பதைவிட அதிகமாகப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்தச் சலுகை இல்லை. நாம் அழுத்துவது மட்டும்தான் அதற்குக் கிடைக்கும். அதனால் கொஞ்சம் கூடுதலாக மிதிக்கத்தான் வேண்டும். ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் சர்வோ இல்லாமலேதான் ஓட்டினார்கள், அது பழகிவிடும். இரண்டாவது காரணம்தான் உண்மையான வில்லன். நண்பர் ஆசைப்பட்டு, கிட்டோடு ரேஸிங் பேட் வாங்கியிருந்தார். ரேஸிங் பேட் நன்றாகச் சூடானால்தான் கடிக்கும். திருவொற்றியூர் தேரடியில் முதல் கியரில் ஊர்கிற வண்டிக்கு அது எந்தக் காலத்தில் சூடாவது? சாதாரண ரோட்டு பேட் போட்டு, மிதமான வேகத்திலிருந்து விட்டு விட்டு மிதித்துப் பேடையும் டிஸ்க்கையும் பழக்கியதும் குறை தீர்ந்தது. விலை உயர்ந்த பேட் இப்போது ஷெட்டில் பேப்பர் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

பின்சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "முன்னாடி நல்லா பண்ணிட்டே, பின்னாடியும் பெரிசா போடேன்" என்று கேட்கிறவர்கள் உண்டு. போடக் கூடாது. மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. ஹெரால்டின் அச்சுகளுக்கு இடையே 2.32 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்றும், முன்னும் பின்னும் 500, 500 கிலோ என்றும் வசதிக்காக வைத்துக்கொள்வோம். பலமாகப் பிரேக் போட்டால் 170 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின்சக்கரத்தில் மிச்சம் 330 கிலோ. அந்தச் சக்கரத்தை அதிகமாகப் பிடித்தால் அது முதலில் லாக் ஆகும். பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். ஈரச் சாலையில் வண்டி பம்பரம்தான். முன்சக்கரம் கொஞ்சம் முந்தி லாக் ஆவது நல்லது. வண்டி நேராகவாவது போகும்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டியை நிறுத்துவது எது? டயர். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். சாலையைப் பிடிப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். அந்த ரப்பருக்கும் நம் திருவொற்றியூருக்கும் உறவு உண்டு. 1946இல் இங்கே ஒரு சின்ன இடத்தில் மாம்மன் மாப்பிள்ளை அவர்கள் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. நண்பரின் வண்டியில் இருந்த டயரில் பட்டன் நிறைய இருந்தது, கறுப்பாகப் பளபளத்தது. ஆனால் பக்கவாட்டில் விரிசல். பல வருஷம் தார்ப்பாய்க்குள் நின்று ரப்பர் கல்லாகிப்போயிருந்தது. அதை மாற்றச் சொன்னபோதுதான் அவர் உண்மையிலேயே கோபப்பட்டார். "டயர் புதுசுடா, ஓடவே இல்ல!" என்றார். ஓடாததுதான் பிரச்சினை என்று புரியவைக்க ஒரு டீ செலவானது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆர்.சி.யில் பிரேக் என்ன வகை என்று எழுதியிருக்காதுதான். இருந்தாலும் செய்த வேலையை எழுதி, பில்லோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். 2021இல் வந்த பழங்கால வாகன விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. நண்பரின் மகள் தினம் ஓட்ட ஆசைப்பட்டதால் அந்த வழிக்கே போகவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. அந்தப் பெண்தான் எண்ணூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி அண்ணனும் வந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் வலது முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் நான்கு பேர் ஜாக்கி பிடிக்க வந்தால் நல்லது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நிற்கவும். அண்ணன் கையில் எப்போதும் பிரேக் ஆயில் இருக்கும், பெயிண்டையே உரித்துவிடும்.